மூட்டையில் போகும் தேக்கு

தேக்கு வாங்கப் போகிறவர்கள் கன அடிக் கணக்கில் மணிக்கணக்காகப் பேரம் பேசுவார்கள். நன்கு காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ எடை இருக்கும். விலை ரகத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். கன அடி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 220 ரூபாய் ஆகிறது. அந்த மரம் பட்டறைக்குள் போய், அறுபட்டு, இழைபட்டு, நிலையும் கதவுமாக முன்வாசல் வழியே வெளியே வருகிறது. அதே மரத்தின் இன்னொரு பங்கு சாக்கு மூட்டையில் பின்வாசல் வழியே போகிறது. அதற்குக் கிடைப்பது விறகு விலை, கிலோவுக்குச் சில ரூபாய்.

வீட்டு நிலைக்கு எடுக்கும் 5-க்கு 3 அங்குலச் சட்டத்தில், முனை வெடித்திருக்கிறது என்று ஆறு அங்குலத்தை வெட்டிப் போட்டால் அந்தத் துண்டு ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். மேலே சொன்ன விலைக் கணக்குப்படி அது 200 ரூபாய் கொடுத்து வாங்கிய மரம். வெடிப்பு பெரும்பாலும் முனையில் ஓரிரு அங்குலத்தோடு நின்றுவிடும், மீதி நாலு அங்குலம் வைரம் பாய்ந்த நல்ல கட்டை. டீக்கடை அடுப்பில் ஒரு சட்டிப் பால் பொங்குவதற்குள் அது சாம்பலாகிவிடும்.

இது வீண் என்று சொல்லப் பசுமைப் பிரசங்கம் எதுவும் தேவையில்லை, கணக்கே போதும். ஆனால் மிச்சக்கட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பொழுதுபோக்காகவே பார்க்கிறார்கள். ஓய்வு நாளில் கைவண்ணம் காட்டி ஒரு சாவி மாட்டி, ஒரு பேனா தாங்கி செய்து படம் எடுத்துக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கூலி கொடுத்து நடத்தும் பட்டறைக்கு இது உதவாது. அங்கே வேண்டியது, கிடைக்கும் துண்டின் அளவுக்குப் பொருந்தும் ஒரு சிறு பொருளைத் தேர்ந்து, அதையே நூறு, இருநூறு என்று செய்யும் ஒழுங்கு. மிச்சக்கட்டையைக் காசாக்கியவர்கள் பலரும் இந்த வழியில்தான் காசாக்கினார்கள்.

முதலில், மரம் எங்கெங்கே கழிகிறது என்று பார்க்க வேண்டும். உருட்டுக்கட்டை அறுவை மில்லுக்குப் போனால் அதில் ஏறக்குறைய பாதிதான் சட்டமாகவும் பலகையாகவும் வெளிவருகிறது. உருண்டையான ஒன்றைச் சதுரமாக்குவதால் பட்டையோடு ஒட்டிய ஓரங்கள் கழிகின்றன. வாள் போகும் பாதையெல்லாம் தூளாகிறது. பட்டறைக்கு வந்த பிறகு முனை வெடிப்பு, கணு, பூச்சி விரும்பும் வெள்ளைப் பகுதி, அகலம் போதாத ரீப்பர், நீளம் போதாத சட்டம் என்று அடுத்த சுற்றுக் கழிவு தொடங்குகிறது. இழைப்புளியும் மெஷினும் சீவித் தள்ளும் சுருள் வேறு.

கழிவில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. இன்னொரு பகுதி திட்டமில்லாததால் வருவது. ஏழடிக் கதவுக்கு எட்டடிச் சட்டம் வாங்கினால் ஒவ்வொன்றிலும் ஓரடி நிற்கும். அந்த ஓரடியில் என்ன செய்யப்போகிறோம் என்று வாங்கும்போதே யோசித்திருந்தால் அது சரக்கு, யோசிக்காவிட்டால் குப்பை.

இந்தக் கட்டைகள் வந்த தூரத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 1996 டிசம்பரில் கோதவர்மன் திருமுல்பாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். பிரச்சினை எழுந்த இடமோ நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதிக் காடு. அதன் பின் வெளிநாட்டு மரத்தின் வரத்து கூடியது. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்த, பர்மா தேக்கு இன்னும் அரிதானது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் தேக்கில் ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருவது உண்டு. கடல் தாண்டிக் கப்பலில் வந்த கட்டையின் ஒரு பங்கு, செங்கோட்டையிலோ மதுரையிலோ ஒரு பட்டறை மூலையில் மழையில் நனைந்து கிடக்கிறது.

முன்பு இப்படி இல்லை. வீட்டு வேலைக்கு வந்த ஆசாரி, நிலையும் கதவும் முடிந்தபின் மிச்சக்கட்டையில் வீட்டுக்காரர்களுக்கு ஏதாவது செய்து கொடுத்துவிட்டுப் போவது கிராமங்களில் வழக்கமாக இருந்தது. உட்கார ஒரு மணை, அரிவாள்மணைக்கு அடிக்கட்டை, மோர் கடைய மத்து, குழம்பு கிளற அகப்பை, முறுக்கு நாழி, அஞ்சறைப்பெட்டி, பல்லாங்குழி, தொட்டில் கம்பு, பிள்ளைக்கு நடைவண்டி. அன்றைய அடுக்களையில் இருந்த மரச் சாமான்களில் பலவும் ஒரு முழத்துக்கும் குறைந்த கட்டையில் செய்யக்கூடியவை. பெரிய வேலையின் மிச்சத்துக்குச் சிறிய வேலை எப்போதும் காத்திருந்தது.

அந்த ஏற்பாடு குலைந்ததற்குக் காரணம் யாருடைய அலட்சியமும் அல்ல. ஆசாரி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாள்கணக்கில் வேலை செய்த காலம் போய், வேலை பட்டறைக்கு நகர்ந்தது. நாள்கூலி போய்ச் சதுர அடி ஒப்பந்தம் வந்தது. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் அடுக்களையைப் பிடித்துக்கொண்டன. வீட்டுக்காரருக்கு வேண்டியது தேதி தவறாமல் கதவு, பட்டறைக்காரருக்கு வேண்டியது இடத்தை அடைக்காத தரை. நடுவில் மாட்டிக்கொண்ட துண்டுக்கட்டைக்குப் பொறுப்பாளி இல்லாமல் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாடுலர் கிச்சன் என்ற பெயரில் இன்று வீடுகளில் பொருத்தப்படும் அலமாரிகளில் கணிசமானவை பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகளால் ஆனவை. மரச் சில்லுகளையும் நாரையும் பிசினில் குழைத்து, சூட்டில் அழுத்திச் செய்யும் பலகைகள் இவை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து லாரல் நகரில் வில்லியம் மேசன் 1924-ல் மரமில் கழிவைக் கொண்டுதான் மேசனைட் என்ற அழுத்தப் பலகையை உருவாக்கினார். மரத் தட்டுப்பாட்டால் ஜெர்மனி பார்ட்டிக்கிள் போர்டுக்குப் போனது. ஆக, வேறொருவர் பட்டறைக் கழிவை ஒட்டிச் செய்த பலகைக்கு வீட்டுக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார், தன் வீட்டுத் தேக்குத் துண்டை விறகுக்கு அனுப்புகிறார்.

“சும்மா கிடக்கிற கட்டைதானே, ஏதாவது செஞ்சு வித்தா என்னண்ணே?” என்று கேட்டால் பட்டறைக்காரர்கள் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். “கட்டை சும்மா கிடக்கு சார், ஆள் சும்மா கிடக்கலையே.” இந்தப் பதிலைத் தாண்டாமல் மிச்சக்கட்டையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தச்சருக்கு நாள்கூலி ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் 125 ரூபாய். மரக் கரண்டி ஒன்றைத் தனியாகக் கையில் எடுத்து, வரைந்து, வெட்டி, உப்புத்தாள் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தால், மரத்துக்கு ஒரு பைசா போடாவிட்டாலும் அது 125 ரூபாய்க் கரண்டி. சந்தையில் அதைவிட மலிவாகக் கரண்டி கிடைக்கிறது. ஆகவே ஒற்றைக் கரண்டி நஷ்டம். பன்னிரண்டு கரண்டியாகச் செய்தால் கணக்கு வேறாகிறது. எப்படி என்பதைப் பார்ப்பதற்கு முன், இதே சிக்கலை மற்றவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்பதையும் பார்த்துவிடலாம்.

ஜப்பானின் நாரா மாநிலத்தில் யோஷினோ மலைப்பகுதி சுகி மரத்துக்குப் பேர்போனது. கணு இல்லாமல், நேராக, நெருக்கமான வளையங்களோடு வளரும் அந்த மரத்தைச் சாக்கே மதுப் பீப்பாய்கள் செய்ய வெட்டினார்கள். பீப்பாய்க்கு ஆகாத துண்டுகள் மலைபோல் குவிந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்து ஷிமோயிச்சி ஊர்க்காரர்கள் அந்தத் துண்டில் உணவுக்குச்சி செய்யத் தொடங்கினார்கள். சாப்பிடும்போது இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் வாரிபாஷி குச்சிகள் அந்த ஊரின் தொழிலாகின. இன்றும் அங்கே கட்டுமான மரம் அறுத்தபின் எஞ்சும் ஓரங்களிலிருந்துதான் நல்ல குச்சிகள் வருகின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சிக்காக உலகெங்கும் மரம் வெட்டப்படுவது வேறு கதை, அது கண்டிக்க வேண்டியதுதான். ஷிமோயிச்சியின் தொடக்கம் அப்படியல்ல. நேர்வாக்கில் பிளக்கும் மரம், அரை முழத் துண்டு, அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பொருள், அதை விடாமல் வாங்கும் சந்தை என்று நான்கும் அங்கே சேர்ந்தன.

டென்மார்க்கின் பில்லுண்ட் கிராமத்துத் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சனின் கதை இன்னும் நெருக்கமானது. 1924-ல் அவருடைய இரண்டு பையன்கள் பட்டறையில் மரச்சுருளுக்குத் தீ வைத்துவிட, பட்டறையோடு வீடும் எரிந்துபோனது. மறுபடி கட்டினார். பொருளாதார மந்தத்தில் வீடு கட்டுகிறவர்கள் குறைந்தபோது, 1932-ல் ஏணி, முக்காலி, இஸ்திரிப் பலகை, மரப் பொம்மை என்று சிறு சாமான்களுக்கு இறங்கினார். யோயோ மோகம் வந்தபோது யோயோ செய்தார். மோகம் வடிந்து சரக்கு தேங்கியதும் அந்த யோயோக்களை இரண்டாகப் பிளந்து பொம்மை லாரிகளுக்குச் சக்கரமாக்கினார். 1934-ல் அந்த நிறுவனத்துக்கு லேகோ என்று பெயர் வைத்தார். இன்று பிளாஸ்டிக் கட்டைகளுக்குப் பெயர் பெற்ற அந்த நிறுவனம், தேங்கிய மரத்துண்டு எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று பார்த்த ஒரு பட்டறையில் பிறந்தது.

ஹென்றி ஃபோர்டு எதிர்த்திசையில் போனார். அவருடைய மாடல் டி காரில் மரம் நிறையவே இருந்தது. மிச்சிகனின் அயர்ன் மவுண்டனில் இருந்த மரமில்லில் துண்டும் தூளும் குவிய, 1920-களில் அவற்றைக் கரியாக்கி, மாவுப்பசை சேர்த்துக் கட்டிகளாக அழுத்தி, கார் விற்கும் கடைகளிலேயே விற்றார். அந்தக் கரிதான் பிற்பாடு கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் அமெரிக்கக் கொல்லைப்புறங்களுக்குப் போனது. கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் எரிப்பது மரத்தின் பயன்களில் கடைசிப்படி. ஒருமுறை எரித்துவிட்டால் பிறகு அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. முதலில் பெரிய பொருள், அடுத்துச் சிறிய பொருள், பிறகு சில்லுப் பலகை, முடிவில்தான் அடுப்பு என்ற வரிசை மாறாதவரை ஒரே மரத்திலிருந்து நான்கு முறை பயன் எடுக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த வரிசையை இன்றும் கடைப்பிடிக்கும் இடங்கள் உண்டு. ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் புது மரத்தைத் தேடிப் போவதில்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் ஆச்சா மரத் தூணையும் உத்தரத்தையும் வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் இருந்து ஈரம் முழுக்க வற்றிய கட்டை இனி வெடிக்காது, முறுக்கிக்கொள்ளாது. கடைசலில் உருட்டி நடுவில் துளைபோடும் கருவிக்கு அதுதான் தேவை. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வாத்தியத்தின் மூலப்பொருள், வீடு இடிக்கிறவர்களுக்குக் கழிவு.

அம்பாசமுத்திரத்தின் செப்புச் சாமான் இன்னொரு எடுத்துக்காட்டு. உரல், உலக்கை, அம்மி, திருகை, குடம், அடுப்பு என்று ஒரு முழு அடுக்களையைக் கட்டைவிரல் உயரத்துக்குச் சுருக்கிக் கடைசலில் உருட்டி, அரக்கு நிறம் ஏற்றுகிறார்கள். கடைசலில் உருட்டும் பொருளுக்குப் பெரிய கட்டை வேண்டியதில்லை, கை நீளக் கட்டை போதும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் இதே முறைதான். சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் நிறம் உருகி ஒட்டும், மேலே தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் வாகையிலும் மாவிலும் தேர்ச் சிற்பங்கள் செதுக்குகிறார்கள், அதற்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய சிற்பம் வெட்டும் இடத்தில் சிறிய சிற்பத்துக்கான கட்டை தானாகவே விழுகிறது.

இனி அந்தப் பன்னிரண்டு கரண்டிகள். கதவு நிலையில் கழிந்த 5-க்கு 3 அங்குலச் சட்டம் ஓரடி நீளம் இருக்கிறது. 3 அங்குலம் என்பது 76 மில்லிமீட்டர். வட்ட வாள் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மில்லிமீட்டர் தின்னும். 10 மில்லிமீட்டர் கனத்தில் ஆறு பலகை எடுக்க ஐந்து வெட்டு, 60-ம் 15-ம் சேர்ந்து 75. கட்டையில் ஐந்தில் ஒரு பங்கு தூளாகிறது என்றாலும் ஆறு பலகை தேறிவிடும். பட்டைவாள் வைத்திருக்கும் பட்டறைக்கு இழப்பு இதில் பாதிதான். ஐந்து அங்குல அகலப் பலகையை நடுவில் பிளந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு தோசைக் கரண்டி, மொத்தம் பன்னிரண்டு. மரத்தின் ரேகை கரண்டியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் வாரத்திலேயே கழுத்தில் ஒடியும்.

வடிவத்தை ஒவ்வொன்றிலும் வரைந்துகொண்டிருக்கக் கூடாது. பிளைவுட்டில் ஒரே ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொண்டு அதைச் சுற்றிக் கோடிழுக்க வேண்டும். நான்கு பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி ஒரே ஓட்டத்தில் வெட்டினால் நான்கும் ஒரே அளவில் வரும். விளிம்பு மழிப்பது, துளை போடுவது, உப்புத்தாள் போடுவது எல்லாவற்றையும் வரிசையாகவே செய்ய வேண்டும். பன்னிரண்டும் மூன்று மணி நேரத்தில் முடிந்தால் ஒன்றுக்குக் கூலி 31 ரூபாய்தான். மரத்துக்குத் தேக்கு விலையே போட்டாலும் ஒன்றுக்கு 35 ரூபாய். ஒற்றையாகச் செய்தபோது கூலி மட்டுமே 125 ஆன கரண்டி, மரத்தோடு சேர்த்தே 70 ரூபாய்க்குள் வந்து நிற்கிறது.

துண்டு சிறிதாகச் சிறிதாக ஆபத்து கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. விரல் நீளக் கட்டையை ஓடும் வாளுக்குள் கையால் தள்ளுவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. அனுபவம் உள்ளவர்கள் பொருளைக் கடைசிவரை நீளக் கட்டையோடு ஒட்டியே வைத்திருப்பார்கள். இழைப்பு, வளைவு, துளை எல்லாம் முடிந்தபின்தான் தனியாக அறுத்து எடுப்பார்கள். அதற்கும் சிறிதான துண்டை இறுக்கியில் பிடித்துக் கைவாளில்தான் அறுக்க வேண்டும்.

எந்தக் கட்டையில் எதைச் செய்வது என்பதற்கு ஊரிலேயே பாடம் இருக்கிறது. கறிக்கடையில் புளியங்கட்டை ஏன் இருக்கிறது? அது மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டம். கத்தி இறங்கும்போது நார்களுக்கு நடுவே போகிறது, நாரை வெட்டுவதில்லை. அதனால் கட்டையும் சிதறாது, கத்தியும் சீக்கிரம் மழுங்காது. இதே முறையில் கை அகலத் துண்டுகளை முனைப்பக்கம் மேலே தெரியும்படி நிறுத்தி, தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிக் காய்கறி நறுக்கும் பலகை செய்யலாம். குறுக்கு முனையோடு குறுக்கு முனையை ஒட்டினால் பிடிக்காது, பக்கத்தோடு பக்கம் ஒட்டினால்தான் நிற்கும். மரம் மழையில் அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் ஊதாது. ஆகவே ஒட்டும் துண்டுகளின் ரேகை எல்லாம் ஒரே திசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி அடைமழையில் பலகை பிளந்துகொள்ளும். உணவு படும் பொருளுக்கு வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிட்டால் அது இறுகிப் பிடிக்கும், தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது.

எல்லாத் துண்டும் அடுக்களைக்கு ஆகாது. பிளைவுட், எம்.டி.எஃப். துண்டுகளில் சாவி மாட்டியோ புத்தகத் தாங்கியோ செய்யலாம், சோற்றுக் கரண்டி செய்யக் கூடாது. அவற்றை ஒட்டும் பிசின்களில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. பழைய வீட்டுக் கதவு காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைத்தாலும் சரி, பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டில் கிடைத்தாலும் சரி, மேலே பூசிய பெயின்ட்டைச் சுரண்டும்போது எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே வரும் பேலட் மரங்களுக்கும் ஒரு பார்வை தேவை. நாடு விட்டு நாடு போகும் பேக்கிங் மரத்தில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு முத்திரை குத்தியிருக்கும். எச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு செலுத்தியது, தவிர்ப்பதே நல்லது. முத்திரையே இல்லாததில் என்ன கொட்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

தூசி விஷயத்தில் பட்டறைகள் காட்டும் மெத்தனம் மன்னிக்கத் தக்கதல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 1995-லேயே சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதை ஒட்டிய குழிகளிலும் வரும் புற்று அது. சிறு பொருள் செய்வதில் உப்புத்தாள் வேலை அதிகம், நுண்தூசியும் அதிகம். தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. என்-95 முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் செலவல்ல என்று பட்டறை முதலாளிகள் எடுத்துக்கொள்ளாதவரை, மிச்சக்கட்டைத் தொழிலைப் பெருக்கச் சொல்வதே தவறாகிவிடும்.

விறகாகப் போனால் அதுவும் பயன்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டீக்கடைக்காரருக்கும், மூட்டை தூக்கிக்கொண்டு போகும் பெண்களுக்கும் அது பிழைப்பு. இழைப்புச் சுருள் கோழிப்பண்ணைக்குப் போகிறது. தூளைத் தகரத்தில் இறுக்கி நடுவில் ஓட்டை விட்டு எரிக்கும் மரத்தூள் அடுப்பு ஒரு தலைமுறைக்குச் சோறாக்கியது. இவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளைப் பகுதி, கணு, வெடிப்பு, தூள், சுருள் எல்லாம் அடுப்புக்கே போகட்டும், அவையே மூட்டையை நிரப்பும். ஓரடி நீள வைரக்கட்டை மட்டும் அந்த மூட்டையில் போகக் கூடாது. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரிமம். ஒரு கிலோ எரிந்தால் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. கரண்டியாகவோ பலகையாகவோ இருக்கும்வரை அது மரத்துக்குள்ளேயே அடைபட்டிருக்கும்.

என்ன மாற வேண்டும்? முதலில் வீட்டுக்காரர்கள். மரத்துக்குப் பணம் கொடுத்தவர் மிச்சத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேச வேண்டும். துண்டுகளைத் திருப்பித் தர வேண்டுமா, பட்டறைக்கே விட்டுக் கூலியில் கழித்துக்கொள்ளலாமா, இரண்டில் ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும். மிச்சத்துக்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டால் அது மழையில் கிடக்காது.

அடுத்துப் பட்டறைகள். மூன்று பெட்டிகள் வைத்தால் தொடங்கிவிடலாம். ஓரடிக்கு மேல், அரையடிக்கு மேல், அதற்கும் கீழ். தேக்கு தனி, வேம்பு தனி, மற்றவை தனி. நீளப் பெட்டிக்குக் கரண்டியும் துணி மாட்டும் கொக்கிப் பலகையும், நடுப்பெட்டிக்குச் சூடான பாத்திரம் வைக்கும் மணையும் மொபைல் தாங்கியும், சின்னப் பெட்டிக்கு ஊதுபத்தித் தாங்கியும் அலமாரிக் குமிழும் என்று பெட்டிக்கு இரண்டு பொருள் முடிவு செய்து அச்சு வெட்டி மாட்டிவிட வேண்டும். பெரிய வேலை இல்லாத நாளில், புதிதாகச் சேர்ந்த பையன் கை பழகுவதற்கும் இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஒரு தெருவில் நாலு பட்டறை இருந்தால் நாலின் துண்டும் ஓரிடம் சேரலாம். ஒரு பட்டறை கொக்கி, இன்னொன்று பலகை என்று பிரித்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. பின்லாந்து 1866-லேயே நாட்டுப்புறப் பள்ளிகளில் கைவேலையைப் பாடமாக்கியது. ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் அதை ஸ்லாய்ட் என்ற முறையாக வளர்த்து, பல நாட்டு ஆசிரியர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். அங்கே மாணவர்கள் செய்த பொருள்கள் எல்லாம் சிறுகுச்சியில் தொடங்கிக் கரண்டி, மாட்டி, தட்டு என்று போகும் வீட்டுச் சாமான்கள். இந்தியாவில் 1937 வார்தா மாநாட்டில் பிறந்த ஆதாரக் கல்வித் திட்டம் நூற்பையும் நெசவையும்போலத் தச்சையும் பாடத்தோடு இணைக்கச் சொன்னது. அது ஏட்டில் நின்றுபோனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று மூலப்பொருள் செலவு. தச்சுப் பட்டறையின் பழைய துண்டுக்கு அந்தச் செலவே இல்லை. ஐ.டி.ஐ.களில் தச்சுப் பிரிவு மாணவர்கள் பயிற்சிக்காக இணைப்பு வெட்டி, வெட்டியதைத் தூக்கி எறிவதற்குப் பதிலாக, விற்கக்கூடிய பொருளிலேயே அந்த இணைப்பைப் பழகலாம்.

அரசுத் திட்டங்களுக்குக் குறைவில்லை. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் 18 தொழில்களோடு தொடங்கியது, தச்சும் அதில் உண்டு. தமிழ்நாடு அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன் தருகிறது. ஆனால் கருவியும் கடனும் கிடைத்த தச்சருக்கு அடுத்து வேண்டியது வாங்குகிறவர். 1973-ல் தொடங்கிய பூம்புகார் நிறுவனத்தின் கடைகளில் பஞ்சலோகமும் தஞ்சாவூர்த் தட்டும் இருக்கும் அளவுக்கு அன்றாட அடுக்களைச் சாமான் இல்லை. ஐயாயிரம் ரூபாய்ச் சிற்பத்தை ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை வாங்குவார், தோசைக் கரண்டியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாங்குவார்.

ஆகவே தொடக்கமாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். நவராத்திரியில் கொலுவுக்கு வருகிறவர்களுக்குச் சிறு பொருள் கொடுத்து அனுப்புவது தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கம், பெரும்பாலும் அது பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கிறது. கல்யாணத் தாம்பூலப் பையிலும் அதே டப்பாதான். பூம்புகாரும் மகளிர் குழுக்களின் விற்பனை மையங்களும் ஆடி மாதத்திலேயே ஊருக்கு ஐந்து பட்டறைகளிடம், மிச்சக்கட்டையில் செய்த இரண்டே வகைப் பொருளுக்கு ஆளுக்கு 500 என்று ஆர்டர் கொடுக்கட்டும். விலை நூறு ரூபாய்க்குள் இருக்கட்டும், எந்த மரம் என்று அடியில் முத்திரை குத்தியிருக்கட்டும். ஐப்பசிக்குள் எது விற்றது, எது தேங்கியது, ஒன்றுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்ற மூன்று கணக்கும் கைக்கு வந்துவிடும். தை மாதத்து ஆர்டரில் எதைக் கூட்டுவது, எதைக் கைவிடுவது என்பதை அதிகாரிகளும் பட்டறைக்காரர்களும் அந்தக் கணக்கை வைத்துப் பேசி முடிவெடுக்கலாம்.